ஆள் போனாலும் செட் நிற்க என்ன செய்யலாம்?

ராயபுரத்தில் சர்ஃப் ராக் (அமெரிக்கக் கடற்கரையில் பிறந்த, கிடார் முன்னால் நிற்கும் ஆட்ட இசை) வாசிக்கிறோம் என்றால் முதலில் சிரிப்பார்கள், இரண்டாவது பாட்டுக்குள் நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு ஆட வந்துவிடுவார்கள். எங்களுக்குத் தலைவலியெல்லாம் ஆள் விஷயத்தில்தான். டிரம்ஸுக்கு மட்டும் இதுவரை நாலு பேர் மாறியாயிற்று, ஒருவர் துபாய், ஒருவர் கல்யாணம், ஒருவர் நைட் ஷிஃப்ட், கடைசி ஆள் சொல்லாமல் கொள்ளாமல்.

நீங்களும் பார்ட்டி பேண்டு நடத்துகிறவர் என்றால் முதலில் சாமானை செட்டின் பெயரில் வாங்குங்கள். சர்ஃப் சத்தத்தில் பாதி ரிவெர்பில், அதாவது கிடாருக்குப் பின்னால் வரும் எதிரொலியில், இருக்கிறது. பழைய ஆம்ப்களில் (கிடார் ஒலிபெருக்கிகளில்) அதற்கென்று நிஜமாகவே ஸ்பிரிங் இருக்கும், தூக்கும்போது இடித்தால் இடி இடித்த மாதிரி கேட்கும். அந்த ஆம்ப் கிடாரிஸ்டின் சொந்தம் என்றால், அவர் கிளம்புகிற அன்று உங்கள் சத்தமும் கூடவே கிளம்பிவிடும். காசிமேட்டில் ஆளுக்குப் பங்கு போடும்போது படகுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள் இல்லையா, அதேபோல ஒவ்வொரு புரோகிராமிலும் செட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம் ஒரு நோட்டு. பாட்டுக்கு ஒரு பக்கம்: ஸ்கேல், வேகம், எத்தனை ரவுண்டு, முடிக்கும்போது யார் தலையாட்டுவது. இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டு, ஒரு பிறந்தநாள் விழாவில் ஆளுக்கு ஒரு இடத்தில் முடித்தோம்.

ஒவ்வொருவருக்கும் இரண்டாவது வேலை ஒன்று தெரிந்திருக்கட்டும். 1958-ல் அமெரிக்காவின் டகோமாவில் தொடங்கிய வென்ச்சர்ஸ் என்ற கிடார் இசைக்குழுவில் பாப் போகிள் லீட் (மெட்டு வாசிக்கிற கிடார்), நோக்கி எட்வர்ட்ஸ் பேஸ் (அடிச்சுரக் கிடார்), பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள், குழு இன்னும் பெரிதாகத்தான் வளர்ந்தது. 1996-ல் டிரம்மர் மெல் டெய்லர் இறந்தபோது அவர் மகன் லியோன் வந்து உட்கார்ந்தார். நம்மிடம் மகனெல்லாம் தயாராக இல்லை, அதனால் ரிதம் கிடார்க்காரருக்கு பேஸ் சொல்லிக்கொடுத்துவிடுவது உத்தமம்.

புது டிரம்மர் வேண்டுமா, ராக் தெரிந்தவரைத் தேடி அலையாதீர்கள். கானாவுக்கு வாசிக்கிற பையன் ஒருவனிடம் 'டும் டக்டக் டும் டக்' என்று வாயால் சொன்னேன், டீ ஆறுவதற்குள் பிடித்துவிட்டான். கிடாரிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் தாளத்தைத்தான் பார்ப்பேன். சர்ஃப் கிடாரிஸ்ட் டிக் டேலின் அந்த அசுர வேகக் கை, அவருடைய லெபனான் வழி உறவினர் வாசித்த அரபு மேளத்திலிருந்து வந்ததுதானே.

ஆள் மாற்றுவதை சீசன் நடுவில் செய்யாதீர்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, அது நல்ல நேரம். எங்கள் பேஸ்காரர் விசைப்படகில் போகிறவர், அவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், ரிகர்சல் முழுக்க அப்போதே முடித்துவிடுவோம்.

போகிறவருக்கு பாக்கியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் துபாய் டிரம்மர் டிசம்பரில் லீவுக்கு வந்தால் நேராக மேடைக்குத்தான் வருவார், ரிகர்சல் கிடையாது, நோட்டை மட்டும் ஒரு புரட்டு புரட்டிக்கொள்வார்.