மெட்டு வந்ததும் கிட்டாரைத் தொடாதீர்கள்

மெட்டு மனதில் எழுந்ததும் கீபோர்டையோ கிட்டாரையோ தொடாமல், கைப்பேசியில் ஒரு நிமிடம் வெறும் குரலில் ஹம்மிங் செய்து பதிவு செய்யுங்கள். சொல் வராவிட்டால் 'தனனா' போதும். மேசையில் தட்டிக்கொண்டே பாடினால் வேகமும் பதிவாகிவிடும். கார்டு (chord), அதாவது மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், தேடுவது அதற்குப் பிறகுதான்.

வாத்தியத்தை முதலில் எடுத்தால் விரல்கள் பழகிய இடத்துக்கே போகும். ஸி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற கார்டு வரிசையில் ஏற்கெனவே ஏராளமான பாடல்கள் இருக்கின்றன. உங்கள் மெட்டும் அந்தத் தடத்திலேயே விழும். குரலிலோ, மூச்சு முடியும் இடத்தில் வரி முடியும், உணர்ச்சி ஏறும்போது ஸ்வரமும் ஏறும். அந்தச் சீரற்ற நீளங்களைப் பிறகு சரிசெய்கிறேன் என்று வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

மறுநாள் கேட்டுப் பாருங்கள். எங்கோ கேட்டதுபோல் இருந்தால் பெரும்பாலும் கேட்டதாகத்தான் இருக்கும். சுருதியை மட்டும் மாற்றிப் பயனில்லை. மெட்டின் அடையாளம் ஸ்வர இடைவெளிகளிலும் தாளத்திலும் இருக்கிறது. வரியை அரைத் தட்டு தள்ளித் தொடங்கி, உச்ச ஸ்வரத்தை வேறு இடத்தில் வையுங்கள்.

ராப்புக்கும், பீட் (தாளப் பின்னணி) முன்பே முடிவான பாடலுக்கும் இந்த முறை பொருந்தாது. அங்கே பீட்டைக் கேட்டபடியேதான் பாடிப் பார்க்க வேண்டும்.