அரசமரத்தைத் ‘திருத்த’ வேண்டாம்: தாவரப் பெயர்ப்பலகை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி வளாகத்துக்குப் போயிருந்தேன். அங்கே மாணவர்கள் நாற்பது மரங்களுக்குப் பெயர்ப்பலகை தயாரித்து மாட்டியிருந்தார்கள். மேலே தமிழ்ப் பெயர், அதற்குக் கீழே அறிவியல் பெயர், கடைசியில் குடும்பம். வெயிலைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு மரமாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். அத்திமரத்தின் முன்னால் வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ‘ஃபைகஸ் ரேசிமோசா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபைகஸ் ரேசிமோசஸ்’ என்று பொறித்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை, அதே பேரினத்தில் (அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம்), எழுத்து மாறாமல் நின்றது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், இரண்டு சொல்லும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். லத்தீன் படிக்காமல் லத்தீன் பெயர்களைப் புழங்கும் நம்மைப் போன்றவர்கள் எங்கே விழுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். பலகையில் ரோமன் எழுத்தும் இருக்க வேண்டும்.

## விகுதியில் கை வைக்காதீர்கள்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வளாகத்துக்குப் பலகை எழுதும் வேலை அப்போது எனக்குக் கிடைத்தது. பலாவும் அரசும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பலாவின் பெயர் ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ். அரசின் பெயர் ஃபைகஸ் ரிலிஜியோசா. பட்டியலைப் பார்த்த எனக்கு இரண்டாவது பெயர் உறுத்தியது. முதல் சொல் ‘அஸ்’ என்று முடிந்தால் அடுத்த சொல்லும் ‘அஸ்’ என்றுதானே முடிய வேண்டும்? பலாவில் அப்படித்தானே இருக்கிறது? யாரோ தட்டச்சில் பிழை விட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவுசெய்து, ரிலிஜியோசாவை ரிலிஜியோசஸ் ஆக்கினேன். அத்தியையும் விட்டுவைக்கவில்லை. ஒன்பது அரசு, ஐந்து அத்தி. பதினான்கு எஃகுத் தகடுகளில் பொறித்து, மாட்டியும் ஆயிற்று.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் நடைப்பயிற்சியின்போது அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் திட்டவில்லை. “தமிழில் சொல்லுங்கள்: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். ‘நல்ல’ எங்காவது மாறியதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வந்தான், வந்தாள், வந்தது. இங்கே மாறுகிறதா?” ஆமாம் என்றேன். “நாம் வினைமுற்றில் பாலைக் காட்டுகிறோம். லத்தீனில் பெயரடையிலேயே காட்டுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு பிறகு திருத்த வாருங்கள்” என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த எடுத்துக்காட்டையே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘பயிரிடப்படுவது’ என்னும் பொருள் தரும் ஒரே சொல்தான் நெல்லிலும் வெள்ளரியிலும் பூண்டிலும் வருகிறது. ஒரைசா பெண்பால், ஆகவே நெல் ஒரைசா சடைவா. குகுமிஸ் ஆண்பால், வெள்ளரி குகுமிஸ் சடைவஸ். அல்லியம் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பால்; பூண்டு அல்லியம் சடைவம். இரண்டாவது சொல் முதல் சொல்லின் பாலைப் பின்பற்றுகிறது. முதல் சொல்லின் ஓசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குகுமிஸ் ‘இஸ்’ என்று முடிகிறது, சடைவஸ் ‘அஸ்’ என்று முடிகிறது, இரண்டும் ஆண்பால்தான்.

அப்படியானால் ஃபைகஸ் ஏன் ரிலிஜியோசாவை ஏற்கிறது? பழைய ரோமானியர் மரப்பெயர்கள் பலவற்றைப் பெண்பாலாகவே வழங்கினார்கள். ஃபைகஸ், பைன் மரமான பைனஸ், ஓக் மரமான குவர்கஸ் எல்லாம் பார்வைக்கு ஆண்பால் விகுதி கொண்டவை. ஆனால் பெண்பால் சொற்கள். தாவரவியல் அந்த மரபை விடாமல் வைத்திருக்கிறது. நமக்கு மரம் அஃறிணை. அதற்கு ஆண்பால் பெண்பால் உண்டா என்ற கேள்வியே மனத்தில் எழாது. குழியும் அங்கேதான் இருக்கிறது.

சரி, மரம் என்றால் பெண்பால் என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா? போதாது. பலாவும் மரம்தான், அரசின் குடும்பமான மோரேசியைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆர்ட்டோகார்பஸ் கிரேக்கச் சொற்களைக் கோத்துச் செய்த பிற்காலப் பெயர். கனியைக் குறிக்கும் ‘கார்பஸ்’ என்று முடிகிற இத்தகைய பெயர்கள் ஆண்பால். ஆகவே அங்கே ஹெட்டிரோஃபில்லஸ் சரி, இங்கே ரிலிஜியோசா சரி. நான் ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தினேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது சொல் எப்போதும் பெயரடையாக இருப்பதில்லை. நெல்லி ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா, கீழாநெல்லி ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஒரே பேரினம், ஆண்பால். அமாரஸ் என்றால் ‘கசப்பான’. பெயரடை என்பதால் ஆண்பால் விகுதி ஏற்றது. எம்ப்ளிகா பெயர்ச்சொல், அது யாருக்காகவும் மாறாது. நீலகிரியில் பார்க்கும் தைலமரம் யூகலிப்டஸ் குளோபுலஸ். இங்கே யூகலிப்டஸ் பெண்பால். குளோபுலஸ் ‘சிறு உருண்டை’ என்னும் பெயர்ச்சொல், ஆகவே அப்படியே நிற்கிறது. அதைக் குளோபுலா ஆக்கிய பலகையையும் பார்த்திருக்கிறேன். பால் விதியைப் பாதி கற்றவர் செய்த வேலை அது.

பேரினம் மாறினால் விகுதியும் மாறும். முசுமுசுக்கையை முக்கியா மதராஸ்பட்டானா என்று எழுதிவந்தோம். வெள்ளரியின் பேரினத்தில் வைத்தால் அது குகுமிஸ் மதராஸ்பட்டானஸ். மதராஸ்பட்டினமே லத்தீன் உடை போட்டு, பாலுக்குத் தக்கபடி உடையை மாற்றிக்கொள்கிறது. புதிய பேரினத்தை ஒரு நூலிலிருந்தும் பழைய விகுதியை இன்னொரு நூலிலிருந்தும் எடுத்து ஒட்டுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பதினான்கு தகடுகளின் செலவு என் கையிலிருந்து போனது. அதுகூடப் பரவாயில்லை. மாற்றுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு மாணவர் குழு பலகைகளைப் பார்த்து எழுதிக்கொண்டுபோய், வளாகத் தாவரங்கள் பற்றி ஒரு சிறு கையேடே அச்சிட்டுவிட்டது. பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரின் கண்காட்சியில் ‘ரிலிஜியோசஸ்’ என்று பார்த்தேன். ஆதாரம் எது என்று கேட்டேன். அந்தக் கையேட்டைத்தான் காட்டினார்கள். எஃகுத் தகட்டைக் கழற்றிவிட்டேன்; அதிலிருந்து பரவியதைக் கழற்ற முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே, உறுத்துகிற விகுதியைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். நம்பகமான தாவரப் பட்டியல் ஒன்றில் முழுப் பெயரையும் சேர்த்துத் தேடி, இருப்பதை இருப்பதுபோல் எழுதுங்கள்.

## பெயரில் உள்ள ஊர் பிறந்த ஊர் அல்ல

‘இண்டிகா’ என்று இருந்தால் ‘இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா. அரபு வணிகர்கள் ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருளில் ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். அதுவே லத்தீன் வடிவம் பெற்றது. மரத்தின் தாயகமோ வெப்பமண்டல ஆப்பிரிக்கா. மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம் என்ற களைச்செடியின் பெயரில் நம் சோழமண்டலக் கரையே இருக்கிறது. அது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது.

## எல்லாம் லத்தீன் என்று சொல்லாதீர்கள்

மொரிங்கா என்பது நம் முருங்கை. மாஞ்சிஃபெராவில் முன்பாதி மாங்காய், பின்பாதி மட்டுமே லத்தீன்: ‘சுமப்பது’. அதே ‘ஃபெரா’தான் எண்ணெய் சுமக்கும் ஒலிஃபெராவாக முருங்கையிலும், கொட்டை சுமக்கும் நூசிஃபெராவாகத் தென்னையிலும் வருகிறது. மலபார் தாவரங்களை லத்தீனில் விவரித்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானபோது, இந்த மண்ணின் பெயர்கள் பலவும் அதோடு ஐரோப்பாவுக்குப் போயின. இந்த இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்த நூலைப் பயன்படுத்தியவர். குழந்தைகளுக்கு மரங்களைக் காட்டும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

## எழுத்துக்கூட்டலைச் சீராக்காதீர்கள்

ஆலமரத்தின் பெங்காலென்சிஸில் ரோமன் எழுத்தில் ஒரு ‘ஹெச்’ உண்டு. அது இருக்கட்டும்.

## வருணனையில் ‘காணப்படுகின்றன’ வேண்டாம்

புதிய தாவரம் ஒன்றுக்குப் பெயர் வைத்தால் லத்தீனில் வருணனை எழுத வேண்டும் என்ற விதி 1935 முதல் 2011 முடியும் வரை இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். அந்த லத்தீன் நடையில் வினைச்சொல் அரிது. உறுப்பும் அதன் தன்மையும் மட்டும் அடுக்கப்படும். தமிழ் அதற்கு இயல்பாகவே இடம் கொடுக்கும் மொழி. ‘இலை இதய வடிவம், விளிம்பில் வெட்டு இல்லை, நுனி வால்போல் நீளம்’ என்றால் அரசிலை கண்முன் வந்துவிடுகிறது. இதையே ‘இலைகள் இதய வடிவம் கொண்டவையாகக் காணப்படுகின்றன’ என்று இழுத்தால் பலகையில் இடமும் போகிறது, இலையும் மறைகிறது.

## ஆட்பெயர்களில் ஓர் எழுத்தை விழுங்காதீர்கள்

கறிவேப்பிலையைச் சிலர் முர்ரயா கோனிகி என்கிறார்கள், சிலர் பெர்கெரா கோனிகி என்கிறார்கள். பேரினம் எதுவானாலும் ‘கோனிகி’ மாறாது. ‘கோனிகினுடைய’ என்னும் வேற்றுமை வடிவம் அது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் மருத்துவராக இருந்த, லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கின் பெயர். ஆனால் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர் தாங்கிய சொனரிலா ஜானகியானாவில் வருவது பெயரடை. சொனரிலாவின் பெண்பாலை அது ஏற்றிருக்கிறது. கோனிகியை ரோமனில் எழுதும்போது கடைசியில் இரண்டு ‘ஐ’ வர வேண்டும். பொறிப்பவர் ஒன்றைத் தவறுதலாக விட்டுவிடுவார். தகடு வெட்டுவதற்கு முன் பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள்.