வரப்பில் பூச்செடிகள்: காவிரி டெல்டாவில் காட்டுத் தேனீக்களுக்கு இடம் ஒதுக்கும் முறை

நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். அதற்குத் தேனீ தேவையில்லை. ஆகவே குறுவை, சம்பா, தாளடி என்று பருவந்தோறும் நெல்லோடு வாழும் டெல்டா உழவர், தேனீக்காக வயலோரத்தில் பூச்செடி எதற்கு என்று கேட்பது நியாயமானதே. அதற்கான விடை கொல்லையிலும் கோடைப் பயிரிலும் இருக்கிறது. பூசணி, பாகல், பீர்க்கு ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், பூச்சி வந்து போகாமல் பிஞ்சு நிற்காது. கத்தரிப் பூவின் மகரந்தப் பையிலோ நுனியில் மட்டுமே சிறு துளை உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் தேனீயால்தான் அதிலிருந்து மகரந்தத்தை நன்றாக உதிர்க்க முடியும். பெட்டியில் வளர்க்கும் தேனீ அவ்வாறு அதிர்வதில்லை. கருவண்டு என்று நாம் அழைக்கும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீயும் அதிர்கின்றன. எள்ளும் தேனீ வரவால் கூடுதலாகக் காய் பிடிக்கும்.

உலகில் ஏறத்தாழ 20,000 வகைத் தேனீக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தேன் சேமிக்காதவை. ஒரு பெண் தேனீ தனியே மண்ணில் வளை தோண்டியோ, காய்ந்த தண்டில் துளையிட்டோ, முட்டைக்கு மகரந்த உருண்டை வைத்து மூடிவிட்டுப் போய்விடும். அதற்கு வேண்டியவை இரண்டு: இடைவெளியில்லாமல் பூ, கிளறப்படாத காய்ந்த இடம். மாதக்கணக்கில் நீர் நிற்கும் டெல்டாவில் இரண்டாவதுதான் அரிது. வரப்பு, வாய்க்கால் கரை, வயல்நடுவே உயர்ந்து நிற்கும் திடல், ஆற்றோரப் படுகை நிலம் ஆகியவற்றைத் தவிர மேட்டு மண் இங்கே இல்லை என்பதால், வேலையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் எல்லா வரப்பையும் அகலமாக்கிப் பூச்செடி வைக்கக் கூடாது. அகன்ற வரப்பில் எலி வளை வைக்கும். குறுக்கு வரப்புகளைச் சிறிதாக வைத்து, நடவுக்கு முன் அண்டை வெட்டி, அதாவது வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, சேறு பூசும் பழக்கம் அதற்காகவே இருக்கிறது, அது தொடரட்டும். பூவுக்கென்று பெருவரப்பு, வாய்க்கால் கரையின் மேல்பகுதி, மோட்டார் கொட்டகையைச் சுற்றிய இடம், திடலின் ஓரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். சிறிய தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். ஆகவே ஒரே இடத்தில் பெரிதாகப் பூந்தோட்டம் போடுவதைவிட, 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு பாத்திகள் இருப்பது பயன் தரும்.

விதை தேடுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். தும்பை, மூக்குத்திப் பூண்டு, கரிசலாங்கண்ணி, கொளுஞ்சி, துளசி, எருக்கு ஆகியவை யாரும் விதைக்காமலே வளர்ந்து, யாரும் யோசிக்காமலே களைக்கொல்லியால் கருகுகின்றன. என் கருத்தில், கரையில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துவது எந்த விதைப் பொட்டலத்தையும்விடப் பெரிய உதவி. புல் வகைகளை மட்டும் கையால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், ஏனெனில் அவற்றில் நெல்லின் பூச்சியும் நோயும் தங்கும். அகன்ற இலைப் பூச்செடிகளை நிறுத்துங்கள். பார்த்தீனியத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுத்துவிட வேண்டும். துத்தி நல்ல பூச்செடிதான். ஆனால் பருத்தி போடும் வயலருகே அது மாவுப்பூச்சிக்கு இடம் கொடுக்கும் என்பதால் அங்கே வேண்டாம். எருக்கைச் சிலர் வீண் செடி என்பர்; தச்சுத் தேனீ அதன் பூவை நாடி வருகிறது, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்று வளர்கிறது.

அடுத்தது பூக்கும் காலத்தைக் கணக்கிடுவது. மாசி, பங்குனியில் உளுந்தும் பயறும் பூத்து நிற்கும். புங்கனும் வேம்பும் அதையொட்டிப் பூக்கும். அதன்பின் வயல் வெறுமையாகிறது. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-ஐத் தாண்டி, நடவு முடியும்வரை திறந்த வயலில் பூ என்று சொல்ல அதிகம் இல்லை. தென்னந்தோப்பு அருகில் இருந்தால் பாளைகள் ஆண்டு முழுதும் மகரந்தம் தரும், தோப்பு இல்லாத இடத்தில் இந்த இடைவெளி கடுமையானது. இதை நிரப்ப எளிய வழி பசுந்தாள் உரப் பயிர். சித்திரை, வைகாசியில் கோடை மழையை நம்பிச் சணப்பு விதைப்பவர், பூக்கத் தொடங்கியதும் எருவாக மண்ணுக்குள் மடக்கி உழுவது வழக்கம். வயலின் ஒரு ஓரத்தில் நான்கைந்து அடி அகலத்துக்கு மட்டும் உழாமல் விட்டால், மஞ்சள் பூக்கள் பல வாரம் நீடிக்கும். தச்சுத் தேனீயும் இலைவெட்டித் தேனீயும் அதில் மொய்க்கும், அடுத்த ஆண்டுக்கான விதையும் கிடைக்கும்.

நிலையான பாத்திக்கு விதைக்க ஏற்ற காலம் ஆவணி. அண்டை வேலை முடிந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன் செடி வேர் பிடித்துவிடும். மண்ணை ஆழமாகக் கொத்தாமல் மேலாகக் கீறினால் போதும். தும்பையின் காய்ந்த பூங்கொத்தை நிழலில் உலர்த்தி உதிர்த்த விதையையும், துளசி விதையையும் மணலோடு கலந்து தூவுங்கள். கொளுஞ்சி விதையின் தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் ஒரே சீராக முளைக்கும். இவற்றோடு கொத்தமல்லி, தட்டைப்பயறு, செண்டுமல்லி சேர்ப்பது வீட்டுக்கும் உதவும். வாய்க்கால் கரையில் நொச்சிப் போத்து (நடுவதற்கு வெட்டிய குச்சி) ஊன்றினால் கரையும் நிற்கும், பூவும் கிடைக்கும். கொத்தமல்லி போன்ற சிறு பூக்களுக்குக் காற்றில் நின்ற இடத்திலேயே பறக்கும் சிர்பிட் ஈக்கள் வரும். அவற்றின் புழுக்கள் உளுந்திலும் தட்டைப்பயறிலும் சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்னும். நெல் தண்டுத் துளைப்பானின் முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இப்பூக்களில் தேன் குடிக்கின்றன என்பதால், நெல்லுக்கும் இதில் பங்கு உண்டு.

பாத்தியை ஒரே நாளில் முழுவதும் அறுக்காதீர்கள். பாதியை அறுத்து, அது மீண்டும் பூத்த பிறகு மறுபாதியை அறுங்கள்.

கூடுகளுக்கு, வெள்ளம் ஏறாத உயரத்தில் வெயில் படும் சரிவு ஒன்றைச் செடியின்றி வெறும் மண்ணாகவே விட்டுவிடுங்கள். அங்கே சிறு துளைகளும் சுற்றிலும் துகள் மண்ணும் தெரிந்தால், மண்தேனீ குடியேறிவிட்டது என்று பொருள். பூசி மூடக் கூடாது. காய்ந்த மூங்கிலையும் ஆமணக்குத் தண்டையும் எரிக்காமல் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். மெல்லிய மூங்கிலை ஒரு முனையில் கணு இருக்குமாறு சாண் நீளத்துக்கு நறுக்கி, கட்டாகக் கட்டி, கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் மழை படாமல் கிடையாகத் தொங்கவிட்டால் இலைவெட்டித் தேனீ வரும். விரல் பருமனுக்கும் குறைவான துளையே அதற்குப் போதும்.

இத்தனையும் ஒரு தெளிப்பில் வீணாகலாம். இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சாம் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடிக்குள் ஊடுருவி, மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு இவற்றைத் தடை செய்தது. பூக்கும் பயிரில் இவற்றைத் தவிருங்கள். வேறு மருந்து தவிர்க்க முடியாததானால், தேனீ அடங்கிய மாலையில், பூப்பாத்தியின் பக்கம் காற்று வீசாத நாளில் அடியுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் தெளிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான பெருவரப்பில் எந்தப் பகுதிக்கு மருந்து படக் கூடாது என்பதை அவரோடு சேர்ந்து நடந்து காட்டிவிடுவது, நடவுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.