உள்ளே போய் வந்த பாட்டனைத் தேடுவது எப்படி: பழைய சிறைப் பதிவேட்டைப் படிக்கும் முறை

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்க ரப்பர்த் தோட்டக் குடும்பங்களில் "பாட்டன் ஒரு தடவை உள்ளே இருந்துட்டு வந்தார்" என்ற பேச்சு இருந்தால், எடுத்த எடுப்பில் தைப்பிங் சிறைப் பதிவுகளில் இறங்காதீர்கள். 1879இல் தொடங்கிய அந்தச் சிறை, பின்னாளில் நீண்ட தண்டனைக்காரர்களுக்கான இடமாகிவிட்டது. தோட்டத்து ஆளுக்கு விழுந்தது பெரும்பாலும் நாள்கணக்கு, வாரக்கணக்கு. துரையிடம் சொல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போனது, வேலைக்கு வராதது, கள்ளச் சாராயம், அபராதம் கட்டக் காசில்லாதது இவைதான் காரணம். ஆகவே முதலில் கோலகங்சார் மாவட்டக் கோப்புகள், அப்புறம்தான் சிறை.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஆள் பெயரைப் போட்டுத் தேடினால் வெறுங்கைதான். ஆண்டு, மாவட்டம், தோட்டத்தின் பெயர் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். தோட்டங்கள் கைமாறும்போது பெயரும் மாறியிருக்கும். பழைய பெயரை முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய பெயரைக் காதால் படிக்க வேண்டும். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆகியிருப்பார். ழகரமும் ளகரமும் ஒரே எழுத்தில் கரைந்திருக்கும். இனம் என்ற பத்தியில் 'கிளிங்' என்று இருந்தால் முகம் சுளித்துவிட்டு மேலே போங்கள். தென்னிந்தியரைக் குறித்த, இன்று இழிவாகக் கருதப்படும் பழைய சொல் அது. அது நாம்தான், தெலுங்கரும் அதில் அடக்கம்.

குற்றப் பத்தியில் வெறும் எண் இருக்கும். மலாயாவின் தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. பல எண்களும் அதேதான். 379 திருட்டு, 323 அடிதடிக் காயம், 457 இரவில் வீடு புகுந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சட்டம் என்று பார்க்க மறந்தால் ஏமாந்துபோவீர்கள். தொழிலாளர் சட்டத்தின் எண்ணைத் தண்டனைச் சட்டத்தில் தேடினால், வேலைக்கு வராதவர் பெரிய குற்றவாளி ஆகிவிடுவார். 'ஆர்.ஐ.' கடுங்காவல், 'எஸ்.ஐ.' வெறுங்காவல்.

சிறைகளின் ஆண்டறிக்கையில் பலரும் சறுக்குவது 'தினசரிச் சராசரி'யில். ஓராண்டில் 100 பேர் தலா 14 நாள் இருந்தால் 1,400 சிறைநாள்; 365ஆல் வகுத்தால் நாலு பேர்கூட வராது. சராசரியை மட்டும் பார்த்து "நம் ஆட்கள் சிறையில் அதிகமில்லை" என்று எழுதுவது இதனால்தான் தப்பு. வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற எண்ணை எடுங்கள். அதுவும் தலைகளின் எண்ணிக்கை இல்லை. மூன்று முறை போனவர் மூன்றாக விழுவார்.

அன்றாடம் சிறையைப் பூட்டும்போது எடுத்த தலைக் கணக்கு கிடைத்தால் கூட்டிப் பாருங்கள். நேற்றைய இருப்புடன் இன்று வந்தவர்களைக் கூட்டி, விடுதலையானவர், மாற்றலானவர், இறந்தவர், தப்பியவர் ஆகியோரைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். கணக்கில் ஒரு ஆள் குறைந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கில் தேடுங்கள். மாற்றலானவருக்குப் புதுச் சிறையில் புது எண் என்பதையும் மறக்காதீர்கள்.

சாப்பாட்டு அட்டவணை காத்தி, தாஹில் கணக்கில் இருக்கும். ஒரு காத்தி 16 தாஹில், ஏறக்குறைய 605 கிராம். ஒரு தாஹில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரிசி எவ்வளவு என்பதைவிட எந்த அரிசி என்பது முக்கியம். மலாயாவின் சிறைகளையும் ஆஸ்பத்திரிகளையும் வாட்டிய பெரிபெரி நோய், தீட்டிய பச்சரிசி தின்றவர்களைப் பிடித்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அரிதாகவே தொட்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் இதை விரிவாக எழுதினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே இனத்துக்கு ஒரு அரிசி என்று அட்டவணை பிரிந்திருந்தால் ஆண்டையும் சேர்த்துக் குறியுங்கள். ஆனால் அட்டவணை என்பது கொடுக்க வேண்டியது, தட்டில் விழுந்தது இல்லை. நுழையும்போதும் வெளியேறும்போதும் எடை குறித்திருந்தால் அதைத்தான் நான் நம்புவேன். எடை பவுண்டில் இருக்கும்: 120 பவுண்டு என்றால் 54 கிலோ.

தண்டனைப் புத்தகம் தனி. உள்ளே செய்த தப்புக்குப் பிரம்படி, சோறு குறைப்பு போன்றவை அதில்தான் வரும், நுழைவுப் பதிவில் வராது.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு உள்ளே போனவர் என்றால் மேலே சொன்ன வழி உதவாது. விசாரணையில்லாமல் பிடித்து வைத்தவருக்குக் குற்றப் பிரிவும் இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. அவசரகால விதி 17(1)இன் கீழான உத்தரவுகளையும் தடுப்பு முகாம் கோப்புகளையும் தேடுங்கள். இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவசப் பழைய நாளிதழ்த் தளத்தில் எளிதாகப் பிடிக்கலாம். பால்மரம் சீவியவரின் பெயர் அங்கே அபூர்வம். தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.