குரோஸ்பீக் பெயர்களில் கை வைக்கும் முன்

பள்ளிக்கரணையில் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் இரண்டே வருடத்தில் இமயமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். திரும்பி வந்ததும் நோட்டைக் காட்டுவார்கள். குரோஸ்பீக், அதாவது தடித்த அலகுள்ள பறவைகள், வரும் பக்கத்தில் நான் அந்த நாளில் செய்த அதே தவறுகள் இருக்கும்.

எழுத்தைத் திருத்துவது

புள்ளி இறகு குரோஸ்பீக்கின் அறிவியல் பெயர் மைசெரோபாஸ் மெலனோஸாந்தோஸ். கிரேக்கத்தில் மெலாஸ் கருப்பு, க்ஸாந்தோஸ் மஞ்சள். ஆண் பறவைக்கு மேலே கருப்பு, கீழே மஞ்சள். மூலச்சொல் தெரிந்தவருக்கு நடுவில் எக்ஸ் அல்லவா வரவேண்டும் என்று தோன்றும். ஆனால் நேபாளத்தில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் 1836இல் வைத்த பெயரில் இருப்பது இசட்.

எனக்கும் அப்படித் தோன்றியது. ஒரு கண்காட்சிக்காகத் திருவல்லிக்கேணியில் நூறு சார்ட் அச்சடித்தேன். புரூஃபில் இசட்டை அடித்து எக்ஸ் போட்டேன். "நீங்க கொடுத்த பேப்பர்ல இசட்தானே சார் இருக்கு?" என்று அச்சகத்துக்காரர் கேட்டார். "அது தப்பு, மாத்துங்க" என்றேன். மூத்த பறவையாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு நூறும் வீண். காசைவிட வலித்தது வேறு. அந்த எக்ஸ் என் குறிப்பேடுகளிலும் புகுந்திருந்தது. கணினியில் ஏற்றியபோது ஒரே பறவை இரண்டு இனமாக நின்றது. தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை.

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிகளின்படி முதலில் வெளியான எழுத்துகளே நிலைக்கும். தற்செயலான பிழை என்பது அந்த வெளியீட்டிலேயே தெளிவாகத் தெரிந்தால்தான் திருத்தலாம். கிரேக்கத்தை லத்தீன் எழுத்துக்கு மாற்றியதில் வந்த பிசகு அந்தக் கணக்கில் சேராது. போன மாதம்கூட ஒரு தம்பி, "ஸ்பெல்லிங் சரி பண்ணிட்டேன் அண்ணா" என்றான். கோபம் வந்தது. தெரியாதவன் மாற்றுவதில்லை, கொஞ்சம் படித்தவன்தான் மாற்றுகிறான். அப்புறம் அவன் பட்டியலைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுதுகிறார்கள்.

பெயரைப் பறவையின் பழக்கமாக எடுத்துக்கொள்வது

ஹெஸ்பெரிஃபோனா என்பது ஒரு குரோஸ்பீக் பேரினத்தின் பெயர். பொருள் மாலைக் குரல்; பறவையியலாளர் போனபார்ட் 1850இல் வைத்தார். வட அமெரிக்காவில் அந்தப் பேரினத்து மாலை குரோஸ்பீக் பொழுது சாய்ந்த பிறகே பாடும் என்று தவறாக நம்பியிருந்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு பறவையியலாளர் கூல்டு, கிழக்காசிய குரோஸ்பீக்குகளின் பேரினத்துக்கு இயோஃபோனா, அதாவது விடியல் குரல், என்று வைத்தார். இதை நம்பி விடியலில் மட்டும் தேட வேண்டாம்.

கார்னிபெஸ் மாமிசம் தின்னும் என்பது

தின்னாது. அது இன்னொரு இமயமலை குரோஸ்பீக்கின் இனப்பெயர்; சதை நிறக் கால் என்று பொருள்.

எல்லா குரோஸ்பீக்கும் ஒரே குடும்பம் என்பது

பிரெஞ்சில் பெரிய அலகு என்பதே அந்தச் சொல். அமெரிக்காவின் ரோஜா மார்பு குரோஸ்பீக் கார்டினல் குடும்பம்; நம் இமயமலைப் பறவைகள் ஃபிஞ்ச் குடும்பம்.

இக்டெரியாய்டெஸ் என்றால் காமாலை என்பது

இதுவும் ஒரு இமயமலை குரோஸ்பீக்கின் இனப்பெயர். இக்டெரோஸ் கிரேக்கத்தில் மஞ்சள் காமாலைக்கும் ஒரு மஞ்சள் பறவைக்கும் பெயர். அந்தப் பறவையைப் பார்த்தால் காமாலை தீரும் என்று நம்பினார்கள். கடைசியில் வரும் ஆய்டெஸ் என்பதற்கு 'போன்ற' என்று பொருள். இக்டெரஸ் என்ற பேரினப் பறவையைப் போன்றது, அவ்வளவுதான். "காமாலைக் குருவி" என்று தமிழ்ப்படுத்தாதீர்கள்.