உயிரோட இருக்கதுல பெரிய கிட்டாரிஸ்ட் யாரு? சண்ட போடுறப்போ இதெல்லாம் சொதப்பாதீங்க மக்கா

நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல எந்த சர்ச் கொயர எடுத்தாலும் கிட்டார் வாசிக்கிற ரெண்டு மூணு பயலுவ இருப்பானுவ, பிராக்டிஸ் முடிஞ்சு வெளிய வந்து கைல சாயாவும் ரசவடையும் வந்ததும் அவனுவளுக்குள்ள ஒரு சண்ட ஆரம்பிக்கும். இப்ப உயிரோட இருக்கதுலயே பெரிய கிட்டாரிஸ்ட் யாரு? நான் இந்த சண்டைய பன்னெண்டு வருசமா போட்டுட்டு இருக்கேன், பாதி நாள் கொளுத்திப் போடுறதே நான்தான், அதனால இதுல எங்கெங்க சறுக்கும்னு எனக்கு நல்லா தெரியும், எல்லா இடத்துலயும் நானே சறுக்கி விழுந்திருக்கேன்.

மொத தப்பு ரொம்ப சில்லறையானது. கேள்விக்குள்ள "உயிரோட"ன்னு ஒரு வார்த்த கெடக்கு, அத ஒருத்தனும் பாக்க மாட்டான். போன டிசம்பர்ல கரோல் ரவுண்ட்ஸ் போக வேன் வரல, ரோட்டோரம் நின்னு பேசிட்டு இருந்தோம், எங்கள்ல ஒருத்தன் எட்டி வான் ஹேலன்தான்னு ஒரே பிடியா நிக்கான், கால் மணி நேரம் தொண்ட கிழிய கத்திட்டான், அதுக்கப்புறம் பேஸ் வாசிக்கிற சின்னப்பய பையச் சொல்லுகான், "அண்ணே, அவரு 2020 அக்டோபர்லயே போயாச்சே." பி.பி. கிங் 2015ல போனாரு, ஜெஃப் பெக் 2023 ஜனவரில. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போயி 50 வருசத்துக்கு மேல ஆச்சு, சாவும்போது வயசு 27, ஆனாலும் எல்லா சண்டைலயும் அவருக்கு ஒரு சேர் போட்டே ஆகணும். சேர் போடுங்க, ஆனா ஓட்டு எண்ணும்போது எடுத்துருங்க.

அத எடுத்ததும் அடுத்த குழி வரும். உயிரோட இருக்காருன்னா, இப்பவும் வாசிக்கிற கைய வச்சு பாக்கணுமா, வாழ்க்க முழுக்க செஞ்சதையா? ஜிம்மி பேஜ் 1944ல பொறந்தவரு, அவருக்க பேண்டு லெட் செப்பெலின் முழுசா ஒரு கச்சேரி மறுபடி பண்ணினது 2007 டிசம்பர்ல லண்டன்ல. எரிக் கிளாப்டன் தனக்கு நரம்பு பிரச்சின இருக்கு, வாசிக்க கஷ்டமா இருக்குன்னு 2016லயே சொல்லிட்டாரு. ஒருத்தன் 1971 பேஜ மனசுல வச்சு பேசுவான், இன்னொருத்தன் நேத்து ராத்திரி ரீல்ஸ்ல பாத்த இருபது வயசு பையன வச்சு பேசுவான், ரெண்டு பேரும் ஒரே கேள்விக்கு பதில் சொல்லுகதா நெனச்சுகிட்டு விடிய விடிய கத்துவானுவ. இத மொதல்லயே பேசி முடிவு பண்ணிட்டா பாதி சண்ட அங்கயே படுத்துரும் (பின்ன சாயா குடிக்க ஒரு காரணம் வேணுமேன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல).

லிஸ்ட்ட காட்டி ஜெயிக்கப் பாக்காதீங்க. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல 100 கிட்டாரிஸ்ட்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல வான் ஹேலன் 70வது இடம். 2011ல திரும்ப போட்டாங்க, அதே ஆளு 8வது. டுவேன் ஆல்மன் மொத லிஸ்ட்ல 2, அடுத்ததுல 9. அவரு இறந்தது 1971ல டே, அந்த எட்டு வருசத்துல ஒரு நோட்டு கூட மோசமா வாசிக்க அவருக்கு வழியே இல்ல. மாறினது ஓட்டு போட்ட ஆளுங்கதான், மொத லிஸ்ட் ஒரு விமர்சகர் போட்டது, ரெண்டாவது கிட்டாரிஸ்டும் விமர்சகரும் சேர்ந்த ஒரு கூட்டம் போட்டது. 2023ல 250 பேருக்கு இன்னொன்னு வந்துச்சு. எல்லாத்தையும் படிங்க, தெரியாத பேரு நெறய கிடைக்கும், அவ்வளவுதான் அதுக்க உபயோகம்.

பேர மாத்தி சொல்லி அசிங்கப்படுறதும் உண்டு. கிளாசிக்கல் கிட்டார்ல ஜான் வில்லியம்ஸ்னு ஒரு பெரிய ஆளு இருக்காரு, ஆஸ்திரேலியால பொறந்தவரு. நான் ஒருநாள் ரொம்ப வெவரமா "அவரு சினிமாவுக்கும் மியூசிக் போட்டிருக்காரு தெரியுமா"ன்னு ஹாலிவுட்ல இருக்க ஜான் வில்லியம்ஸுக்க படம் பூராவும் இவரு கணக்குல எழுதிட்டேன். ரெண்டும் வேற வேற மனுசன். இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறானுவ.

இப்ப மெயினான விசயம், ஸ்பீடு. நம்ம பயலுவ தொண்ணூறு சதவீதம் பேரு மாட்டிக்கிற இடம் இதான். ஒருத்தன் வெரல் தெரியாத அளவுக்கு ஸ்கேல் (சரிகம மாதிரி சுர வரிசை) ஓட்டினா அவன்தான் பெரியவன்னு முடிவு பண்ணிருவோம். எங்க கொயர்ல அப்படி ஒரு தம்பி வந்தான், மேல கீழ மின்னல் மாதிரி ஓட்டுவான், ஆனா காணிக்கைப் பாட்டுல ஜி கார்டுலருந்து சி கார்டுக்கு (கார்டுன்னா பல கம்பிய சேத்து அடிக்கிற சுரக்கூட்டு) மாறுறதுக்கு ஒவ்வொரு தடவையும் அர பீட் லேட்டு, மொத்த கொயரும் அவன் வந்து சேருற வரைக்கும் மூச்சப் பிடிச்சுகிட்டு நிக்கும். ஸ்பீடு தப்புன்னு சொல்லல. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவுல என்ன நடக்குன்னு கேளுங்கன்னுதான் சொல்லுகேன். பிங்க் ஃபிலாய்ட் பேண்டு டேவிட் கில்மர் கம்பிய இழுத்து மேல கொண்டு போறப்போ எந்த சுருதில போய் நிக்கணுமோ கரெக்டா அங்க போய் நிப்பாரு, ஒரு இழை கூடுதலும் இல்ல கொறவும் இல்ல. நாம அதே கம்பிய அதே மாதிரி இழுத்தா நாய் ஊளையிட்ட மாதிரி இருக்கும். வீட்ல பண்ணிப் பாருங்க, எனக்க வீட்ல பண்ணி ஏச்சு வாங்கினேன்.

இதுல ஜான் மெக்லாஃப்லின் கதைய கண்டிப்பா சொல்லணும். இங்கிலாந்துக்காரரு, 1942ல பொறந்தவரு, ஜாஸ்ல உச்சத்துல இருந்த நேரம் அமெரிக்காவுல நம்ம கர்நாடக சங்கீத வித்வான் எஸ். ராமநாதன்கிட்ட வீண படிச்சாரு, அப்புறம் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் இவங்களோட சேர்ந்து சக்தின்னு குரூப்பு. அவருக்கு வந்த சிக்கல் என்னன்னா, வீணைல மெட்டு (கம்பிக்கு கீழ குறுக்கால பதிச்சிருக்க பட்ட) மெழுகு மேல தூக்கலா இருக்கும், கம்பிய நல்லா இழுக்கலாம், சுரத்த அசைச்சு வளைக்கிற கமகம் வரும். கிட்டார்ல வெரல் கம்பிய அமுக்கினதும் கீழ மரத்துல போய் இடிச்சிரும். அதனால ரெண்டு மெட்டுக்கு நடுவுல இருக்க மரத்த கிண்ணம் மாதிரி குடைஞ்சு எடுத்த கிட்டார் செய்ய வச்சாரு, அது போதாம குறுக்கால சாய்ச்சு ஏழு கம்பி தனியா, சுதிக்கு. ஸ்பீடுலயும் அவர அடிச்சுக்க ஆளில்ல, ஆனா அந்த ஆளு பெருசானது தனக்குத் தெரியாத ஒரு சங்கீதத்துக்காக கிட்டாரையே மாத்தினதாலன்னு நான் நெனைக்கேன். நம்ம தமிழ்நாட்டுக்காரரு பிரசன்னா இத வேற மாதிரி பிடிச்சாரு, கர்நாடக சங்கீதத்த சாதா கிட்டார்லயே வாசிக்கிறாரு. விஷ்வ மோகன் பட் கிட்டார மாத்தி செஞ்ச மோகன வீண கிட்டார் கணக்குல வருமா வராதான்னு தனியா ஒரு சண்ட இருக்கு, நான் வரும்னு சொல்லுவேன்.

லீடு (தனியா முன்னால தெரியுற மெலடி) வாசிக்கிறவன் மட்டும்தான் கிட்டாரிஸ்ட்டுன்னு பேசாதீங்க, ரிதம் (பின்னால தாளத்தோட கார்டு) வாசிக்கிற எனக்கு கோவம் வரும். நைல் ராட்ஜர்ஸ் வலது கைய கேளுங்க, சோலோவே வேண்டாம், அந்த சிக்கு சிக்குலயே ஊரு ஆடும். கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பிய கழட்டி வச்சுட்டு அஞ்சு கம்பில வாசிக்காரு. ஜோனி மிட்சலுக்கு சின்ன வயசுல போலியோ, இடது கைல பலம் கொறவு, சாதா கார்டு பிடிக்க கஷ்டம், அதனால டியூனிங்கையே இஷ்டத்துக்கு மாத்தி யாரும் கேக்காத கார்டெல்லாம் கொண்டு வந்தாங்க. இவங்க பேரு எந்த சாயாக்கடை சண்டைலயாவது வந்திருக்கா? பொம்பளைங்க பேரே வராது, அது வேற வெக்கம். நம்ம சினிமாப் பாட்டு கிட்டார் கத இன்னும் மோசம், கேசட் அட்டைல பாடினவங்க பேரு இருக்கும், நம்ம மனசுல முப்பது வருசமா ஓடுற அந்த இன்டர்லூட் (பாட்டுக்கு நடுவுல வர்ற இசை) வாசிச்சவரு பேரு இருக்காது, அப்புறம் எப்படி அவர சேக்க?

வாட்ஸப்ல வந்த வசனத்த சாட்சியா கொண்டு வராதீங்க. ஹென்ட்ரிக்ஸ்கிட்ட "உலகத்துல பெரிய கிட்டாரிஸ்டா இருக்கது எப்படி இருக்கு"ன்னு கேட்டாங்களாம், "அத ஃபில் கேகிகிட்ட போய் கேளுங்க"ன்னாராம். கேகி கிறிஸ்தவப் பாட்டுக்காரரு, அதனால நம்ம மாவட்டத்துல இது வேதவாக்கு மாதிரி சுத்துது. இதே கதைய ரோரி கேலகர் பேருல ஒரு கூட்டம் சொல்லிட்டுத் திரியுது, ரெண்டுக்கும் ஆதாரம் கெடையாது, கேகியே அத ஏத்துக்கிட்டது இல்ல. சின்னப் புள்ளையா இருக்கப்பவே வலது கைல ஒரு வெரல் பாதி போன மனுசன் அவரு, அந்தக் கைய வச்சு அப்படி வாசிக்காருங்கிறது போதாதா, பொய் வேற எதுக்கு?

இன்னொன்னு, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டு டோன் (கிட்டார் சத்தத்துக்க தன்மை) பத்தி பேசவே பேசாதீங்க. எனக்க வீடு முட்டத்துல, கடக்காத்துக்கு கம்பி ரெண்டு வாரத்துல துரு ஏறிரும், அந்தக் கம்பில வாசிச்சுப் பாத்துட்டு மார்க் நாஃப்லர் சத்தம் வரலன்னு நான் ஆம்ப்ப குத்தம் சொல்லிட்டுத் திரிஞ்சேன் ஒரு வருசம். குயீன் பேண்டு பிரையன் மே அப்பாவோட சேர்ந்து வீட்லயே செஞ்ச கிட்டார், குளிர்காய நெருப்பு போடுற பழைய கணப்படுப்புக்க சட்ட மரத்துல கழுத்து வச்சது, அதத்தான் இன்னும் வாசிக்காரு.

எனக்க ஓட்டு மெக்லாஃப்லினுக்கு, அது உங்களுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். எங்க கும்பல்ல இப்ப ஒரு சட்டம் போட்டாச்சு, பேரு சொல்லுகவன் எந்த பாட்டு, எத்தனாவது நிமிசம்னு சொல்லி பெரிய பாக்ஸ்ல போட்டு காட்டணும், இல்லன்னா சாயாக் காசு அவனுக்க கணக்கு. வான் ஹேலன்காரன் ரெண்டு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு திரிஞ்சான், அப்புறம் போனவங்களுக்குன்னு தனியா ஒரு சண்ட வைங்கடேன்னு கேட்டான். செரி, அத ஈஸ்டருக்கு வச்சுக்கலாம்னு சொல்லியிருக்கோம்.