ரெட்டைக்குட்டியில ஒண்டு மட்டும் மெலியுதா? முலையைப் பீச்சிப் பாருங்கோ

மாரியில எங்கட செம்மறி ஒண்டு ரெட்டைக்குட்டி போட்டுது, அதில ஒண்டு எந்தநேரமும் முலையில தொங்கிக்கொண்டு நிண்டும் வயிறு ஒட்டியே கிடந்தது. குளிராக்கும் எண்டு பல்ப் பூட்டினம், தாய்க்குப் பால் காணாதெண்டு பூவரசங்குழையும் புண்ணாக்கும் கூட்டினம், பூச்சிமருந்தும் பருக்கினம், ஒண்டும் சரிவரேல்லை.

பிறகு வடிவாப் பாத்தா அந்தக்குட்டி எப்பவும் இடப்பக்க முலையிலதான், மற்றது வலப்பக்கம். வாய்க்குள்ள விரல் வச்சா சில்லெண்டு இருந்திது, வயிறு நிறையக் குடிக்கிற குட்டிக்கு வாய் சூடா இருக்கும். அது தப்பிக் கிடந்ததே மற்றப்பக்கம் இடைக்கிட களவாக் குடிச்சதாலதான். இடப்பக்கம் பீச்சினா ஒரு சொட்டும் இல்லை, மடி இறுகி நிண்டது. இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி ஒத்தி அழுத்த, முனையில மெழுகு மாதிரி ஒரு சின்னக் கட்டி வந்து விழுந்து பால் பாய்ஞ்சுது. அப்பாடா எண்டு இருந்திது. (பால் திரைஞ்சோ ரத்தமாவோ வந்தா அது மடிநோய், மிருகவைத்தியரிட்டக் காட்டுங்கோ.)

இப்ப குட்டி போட்ட உடன ரெண்டு முலையும் பீச்சிப் பாக்கிறம், முதல் 6 மணித்தியாலத்துக்குள்ள கடும்புப்பால் (குட்டி போட்டவுடன சுரக்கிற முதல் பால்) உள்ள போகவேணும். ரெட்டை போட்டதுகளைத் தனிய அடைக்கிறம்.